செம்மண் சரிவில் உயிர்வேலிக்கு அரளி வைக்கலாமா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் பின்புறம் வடக்கு நோக்கிச் சரியும் ஒரு செம்மண் மேடு இருக்கிறது. நாள் முழுவதும் அங்கே வெயில்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை மிகக் குறைவு. குழாய்த் தண்ணீரும் சில வாரங்களில் நாள் தவறி வருவதால், தினமும் ஊற்ற வேண்டிய செடி எதையும் அங்கே வைக்க இயலாது. என் அம்மா இருந்தவரை வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மன் படத்துக்குச் செவ்வரளி சாத்துவார். அந்த நினைவில் அரளியையே 12 மீட்டர் நீளத்துக்கு வேலியாக வைக்க விரும்புகிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் சித்தி, தம் தோட்டத்து ஒற்றை அரளியிலிருந்து போத்து வெட்டித் தருவதாகச் சொல்கிறார். எவ்வளவு இடைவெளி விட வேண்டும், எப்போது நட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டில் நான்கு வயதுப் பேத்தி இருக்கிறாள்.

பதில் 1 (வெருலம்)

அம்மா, உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் போத்துகளை வாங்கி வராதீர்கள் என்றுதான் சொல்வேன். அரளி வறட்சியை நன்றாகத் தாங்கும் என்பதில் ஐயமில்லை. அந்தக் குணமே இந்த நாட்டில் தொல்லையாகிவிட்டது. ஒற்றை அடுக்குப் பூவில் நீண்ட காய்கள் பிடித்து வெடிக்கும்போது, பஞ்சு முடி கொண்ட விதைகள் காற்றிலும் நீரிலும் பரவி, கரூ என்ற வறண்ட உள்நாட்டுப் பகுதியின் கல்லாற்றுப் படுகைகளை அடைத்துக்கொள்கின்றன. அதனால் 2014-இல் வந்த அயல் ஊடுருவல் இனங்களுக்கான விதிமுறைகளின்கீழ் அரளி 1பி பிரிவில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதை விற்கவோ, நடவோ, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகவோ கூடாது. வீட்டை விற்கும்போது, பட்டியலில் உள்ள செடிகள் மனையில் இருந்தால் வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். விதை பிடிக்காத மலட்டு வகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் நான்கு வயதுக் குழந்தை ஓடியாடும் வீட்டில் அதையும் நான் வைக்க மாட்டேன். இலை, பூ, பட்டை, வேர் எல்லாவற்றிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. சித்தியிடமும் சொல்லுங்கள்: அரளியைக் கவாத்து செய்தால் கையுறை வேண்டும், வெட்டிய கிளைகளை எரிக்கவே கூடாது, புகையும் நஞ்சு.

அதற்குப் பதிலாக நம் கரையோரத்துக் களாவை வையுங்கள். ஜூலு மக்கள் அமாத்துங்குலு என்று அழைப்பது இதைத்தான். தாவரவியல் பெயர் கரிசா மேக்ரோகார்ப்பா. நம் முன்னோர் ஊரில் ஊறுகாய் போட்ட களாக்காயின் நெருங்கிய உறவு இது. கிழக்குக் கேப்பிலிருந்து மொசாம்பிக் வரை கடலோர மணல்மேடுகளில் தானே வளர்கிற செடி என்பதால், உப்புக் காற்றும் வெயிலும் இதற்குப் பழக்கம். ஆண்டு முழுவதும் கரும்பச்சையாக மினுங்கும் தடித்த இலை, ஐந்து இதழ் விரிந்த வெள்ளைப் பூ, அந்திக்குப் பிறகு கூடும் மணம், அதன்பின் சிவந்த பழம். செம்மண் சரிவு இதற்கு மிகவும் பொருத்தம். தண்ணீர் தேங்கும் பள்ளம்தான் ஆகாது.

முள்ளைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. ஒவ்வொரு முள்ளும் நுனியில் கவட்டையாகப் பிரிந்திருக்கும். பனிக்காலச் சட்டையையும் துளைத்துவிடும். நான் நடைபாதையை ஒட்டி நட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டில் பாதி வரிசையைப் பிடுங்க நேர்ந்தது. பாதையிலிருந்து முழுதாக ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள்.

பதில் 2 (லெனேசியா)

வெருலத்து ஐயா சொன்னது கடற்கரைப் பக்கத்துக்கு முற்றிலும் சரி. எங்களைப் போல் உறைபனி விழும் மேட்டு நிலத்தில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். இங்கே களா பனியில் கருகிவிடும். நாங்கள் நீலக் கொடிவேலி வைத்திருக்கிறோம். பிளம்பேகோ என்று நர்சரியில் கேட்டால் தருவார்கள். அதுவும் இந்த மண்ணின் செடிதான். பனியில் மேற்கிளை கருகினாலும் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். பூ புதுத் தளிரில்தான் வரும் என்பதால், ஆகஸ்ட் கடைசியில் தயங்காமல் பாதிக்கு மேல் வெட்டிவிட வேண்டும். பூவின் அடிப்பகுதி பிசுபிசுவென்று துணியில் ஒட்டிக்கொள்ளும்; துணி காயப் போடும் கொடியருகே மட்டும் வேண்டாம்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. களாவையே வைக்கிறேன். முதல் ஆண்டில் தண்ணீர் எவ்வளவு? பேத்தி அந்தப் பழத்தைத் தின்னலாமா?

பதில் 1 (வெருலம்)

முதல் நல்ல மழை இறங்கியதும், அக்டோபர் வாக்கில் நடுங்கள். அடுத்த வறட்சிக்குள் வேர் கீழே இறங்கியிருக்கும். மீட்டருக்கு ஒன்றாக 12 அல்லது 13 செடிகள் போதும். தோண்டிய மண்ணோடு கொஞ்சம் மக்கிய தொழுஉரம் கலந்தால் சரி. உரம் கூடினால் இலை செழிக்கும், பூ குறையும். சரிவு என்பதால் ஒவ்வொரு செடிக்கும் கீழ்ப்பக்கம் அரைவட்டமாக ஒரு வரப்பு கட்டுங்கள், ஊற்றிய தண்ணீர் ஓடிவிடாது.

தண்ணீரை நான் முதலில் தவறாகத்தான் கொடுத்தேன். தினமும் மாலையில் ஒரு செம்பு ஊற்றிவந்தேன். வேர் மேல் மண்ணிலேயே தங்கிவிட்டது. ஓர் ஆகஸ்டில் இரண்டு வாரம் ஊரில் இல்லாதபோது எட்டுச் செடிகளில் மூன்று காய்ந்துபோயின. வாரத்துக்கு ஒரு முறை, செடிக்கு ஒரு வாளி, மெதுவாக இறங்கும்படி ஊற்றுங்கள். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று ஊற்ற வேண்டாம். காய்ந்த இலையை அடித்தண்டில் படாமல் நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். இரண்டாம் ஆண்டுக்குப் பின் நீண்ட வறட்சியில் மட்டும் மாதம் ஒரு வாளி போதும்.

முழுக்கச் சிவந்து, விரல் பட்டால் அமுங்கும் பழத்தைத் தோலோடு விதையோடு தின்னலாம். வெட்டினால் வெள்ளைப் பால் கசியும். பழுத்த பழத்தில் அது தீங்கு செய்யாது. பச்சைக் காயையும் இலையையும் தொடக் கூடாது என்று பேத்திக்குப் பழக்குங்கள். களாவும் அரளிக் குடும்பத்துச் செடிதான். பால் வடிவதையும் பூவையும் பார்த்து இரண்டும் ஒன்றென்று எண்ணிவிடாமல், சித்தி வீட்டுக்குப் போகும்போது அரளியைத் தனியாகக் காட்டிச் சொல்லிவையுங்கள்.

பூசைக்கு வெள்ளிக்கிழமை விடியலில் பறியுங்கள். இரவு மணம் அப்போதும் மிச்சமிருக்கும். கிளை நுனியை இடது கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டால் முள் படாது.