மகள் சியர்லீடிங்கில் சேர்கிறேன் என்கிறாள். அது விளையாட்டுதானா?

பழைய_செட்டர்:

டாலஸுக்கு வடக்கே இருக்கிறோம். மகளுக்கு எட்டாம் வகுப்பு முடியப் போகிறது. போன மாதம் ராத்திரிச் சாப்பாட்டின்போது, "அப்பா, ஹைஸ்கூல் சியர் ட்ரைஅவுட்டுக்குப் பேர் கொடுத்துட்டேன்" என்றாள். மைதான ஓரத்தில் நின்று அணியை உற்சாகப்படுத்துகிற சியர்லீடிங் குழுவுக்கு ஆள் எடுக்கிற தேர்வு அது. "அப்போ வாலிபால்?" என்று கேட்டேன். "அது உங்க விளையாட்டுப்பா" என்றாள்.

தப்பில்லை, என் விளையாட்டுதான். தூத்துக்குடி மாவட்டத்தில் கோயில் கொடைக்கு டியூப் லைட் கட்டி விடிய விடிய வாலிபால் நடத்துகிற ஊர் எங்களுடையது. 8 வருடம் செட்டராக நின்றேன். ஸ்மாஷ் அடிப்பவனுக்குத்தான் விசில் பறக்கும். பந்தைத் தூக்கிக் கொடுத்தவன் பெயர் மைக்கில்கூட வராது. அந்தக் கடுப்போ என்னவோ, அன்று வாய் தவறிவிட்டது. "விளையாடுறவங்களுக்குக் கை தட்டுறது எப்படிம்மா விளையாட்டாகும்?" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மாவும் பேசவில்லை.

சனிக்கிழமை அவள் பழகப் போகிற ஜிம்முக்கு நானே காரில் கூட்டிப் போனேன். கையில் பாம் பாம் குஞ்சத்தை ஆட்டப் போகிறாள் என்று நினைத்து ஓரமாக உட்கார்ந்தேன். கண்ணில் பாம் பாமே படவில்லை. நாலு பேர் ஒரு குழு. கீழே இரண்டு பேர் பேஸ், பின்னால் ஒருத்தி பேக்ஸ்பாட், மேலே ஏறுகிறவள் ஃப்ளையர். என் மகள் பேஸ். மேலே நிற்கிற பெண்ணின் ஒரு பாதம் முழுவதும் இவள் உள்ளங்கையில். அந்தப் பெண் தடுமாறி இறங்கியபோது முழங்கை இவள் தோளில் இறங்கியது. இவள் முகம் சுளிக்கவில்லை, திரும்பவும் எண்ண ஆரம்பித்துவிட்டாள்: ஒன்று, இரண்டு, கீழே, மேலே. வீட்டுக்கு வந்து பார்த்தால் காறை எலும்பு ஓரம் நாவல்பழ நிறத்தில் கன்றிப் போயிருக்கிறது.

இப்போது என் குழப்பம். டெக்சாஸில் சியர்லீடிங்கை உடற்கல்விப் பாடத்துக்குப் பதிலாகக் கணக்கில் வைக்கலாம். ஆனால் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யுஐஎல் அதை 'அத்லெட்டிக்ஸ்' பட்டியலில் சேர்க்காமல், 'ஸ்பிரிட்' என்று தனியாக வைத்திருக்கிறது. வேர்த்தால் விளையாட்டு, பட்டியல் போட்டால் இல்லை என்றால் எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, பாதி மன்னிப்பு போதுமா என்றும் தெரிய வேண்டும்.

---

ஹூஸ்டன்வாசி:

நீங்கள் முதலில் சொன்னதுதான் சரி சார். 2008-இல் ஐபிஎல் தொடங்கியபோது பெங்களூருக்கு வாஷிங்டன் ஃபுட்பால் அணியின் சியர்லீடர்களையே கூட்டி வந்தார்கள். சிக்ஸர் போனால் ஆடுவார்கள், விக்கெட் விழுந்தாலும் ஆடுவார்கள். அதை விளையாட்டு என்றால் நாதஸ்வரக்காரரும் மாப்பிள்ளைதான். எதிரணி யார், ஸ்கோர் எங்கே? நன்றாக ஆடுகிறாள் என்றால் பரதநாட்டியத்தில் சேர்த்துவிடுங்கள்.

---

மூணு_பிள்ளை_அம்மா:

ஹூஸ்டன் தம்பி, ஐபிஎல் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இதைப் பேசாதீர்கள். அது மைதானத்து நடனம். பள்ளிக்கூட சியர் வேறு. போட்டியில் 54 அடிக்கு 42 அடி மேட், இரண்டரை நிமிட ரொட்டீன், அதற்குள் டம்ப்ளிங் என்கிற கரணம், ஆளைத் தூக்கி நிறுத்துகிற ஸ்டண்ட், பிரமிட், ஜம்ப் எல்லாம் வர வேண்டும், கீழே விழுந்தால் மார்க் போகும். நடுவர் மார்க் போட்டால் விளையாட்டு இல்லை என்றால் டைவிங்கையும் ஜிம்னாஸ்டிக்ஸையும் ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.

என் நடு மகள் மூன்று வருடம் பேக்ஸ்பாட். செட்டர் அண்ணா, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஜிம் முழுக்கக் கூடைப்பந்து அணிக்கு. இவர்களுக்குக் கேஃபடேரியா. மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு, கீழே வழவழவென்று டைல்ஸ் தரையில் பழகுவார்கள். ஒருநாள் ஃப்ளையர் சரிந்தாள். பேக்ஸ்பாட்டின் வேலையே அவள் தலையையும் தோளையும் தாங்குவது. பிடித்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவள் முழங்கை என் மகளின் நெற்றிப் பொட்டில் பட்டுவிட்டது. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள், கால் மணி நேரத்தில் மறுபடி நிற்க வைத்துவிட்டார்கள். காயம் பார்க்கிற அத்லெட்டிக் டிரெய்னர் அந்த நேரம் ஃபுட்பால் மைதானத்தில். ராத்திரி வாந்தி எடுத்த பிறகுதான் எமர்ஜென்சிக்கு ஓடினோம். கன்கஷன், அதாவது அடிபட்டதில் மூளை அதிர்ந்திருக்கிறது. ஐந்து வாரம் விளக்கைக் குறைத்து வைத்த அறையில் படுத்திருந்தாள். கேட்டதற்குப் பள்ளியில் சொன்ன பதில்: "டிரெய்னர் விளையாட்டு அணிகளுக்கு மட்டும்."

அன்றிலிருந்து இந்தக் கேள்வி எனக்குக் கௌரவப் பிரச்சினை இல்லை. விளையாட்டு என்று பட்டியலில் எழுதினால் மேட் வரும், டிரெய்னர் வருவார், ஜிம்மில் நேரம் கிடைக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2012-இல் இதைத்தான் சொன்னது. 1982 முதல் 2009 வரை உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு விளையாட்டில் நேர்ந்த மிகக் கடுமையான காயங்களில் சுமார் 65 சதவீதம் சியர்லீடிங்கில் நேர்ந்தவை. மொத்தக் காயங்களின் விகிதம் மற்ற பல விளையாட்டுகளைவிடக் குறைவுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பட்டால் தலையிலும் கழுத்திலும் படுகிறது. 2014-இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் இதை விளையாட்டாக அங்கீகரிக்க வேண்டும் என்றது.

2006-இல் ஒரு கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் பிரமிட் மேலிருந்து ஒரு பெண் விழுந்தாள். கழுத்து எலும்பில் முறிவு. ஸ்ட்ரெச்சரில் கட்டிக் கொண்டுபோகும்போது பேண்ட் கல்லூரிப் பாட்டை வாசித்தது, அவள் படுத்தபடியே கையை அசைத்து சியர் பண்ணினாள். அரங்கமே கை தட்டியது. எனக்கு அந்த வீடியோவைப் பார்த்தால் வயிறு எரியும். மேட் இல்லாத கூடைப்பந்துத் தரையில் உயரமான பிரமிட் கட்டக்கூடாது என்று விதி வந்ததே அதற்குப் பிறகுதான்.

அண்ணா, பயிற்சியாளரிடம் இதைக் கேளுங்கள்: எந்தத் தரையில் ஸ்டண்ட் பழகுகிறார்கள், பயிற்சி நேரத்தில் டிரெய்னர் எவ்வளவு தூரத்தில் இருப்பார், தலையில் அடிபட்டால் டாக்டர் எழுதிக் கொடுக்காமல் திரும்பச் சேர்ப்பார்களா. மன்னிப்பை முழுசாகவே கேட்டுவிடுங்கள்.

---

சட்டப்புத்தகம்:

அக்கா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் விளையாட்டு என்று எழுதினாலே பெண்களுக்கு நன்மை என்று நினைத்துவிட முடியாது. பழைய செட்டர் ஐயா வாலிபால்காரர், அவருக்கு இது பிடிக்கும்.

கனெக்டிகட்டில் குவின்னிபியாக் பல்கலைக்கழகம். 2009-இல் பெண்கள் வாலிபால் அணியைக் கலைத்துவிட்டு, அதற்குப் பதில் போட்டி சியர் அணி வைக்கிறோம் என்றது. ஆண்-பெண் சம வாய்ப்புக்கான டைட்டில் நைன் சட்டத்தில் கணக்குக் காட்ட வேண்டுமே! வாலிபால் பெண்களும் அவர்கள் பயிற்சியாளரும் வழக்குப் போட்டார்கள். 2010-இல் நீதிபதி ஸ்டீஃபன் அண்டர்ஹில், சியர் பெண்களின் உடல்திறனைக் குறை சொல்லாமல், அந்தப் போட்டி அமைப்பு இன்னும் ஒழுங்குபடவில்லை, ஒரே மாதிரி விதிகள் இல்லை, எதிரணிகளில்கூடப் பள்ளி அணி, தனியார் ஜிம் அணி எல்லாம் கலந்திருக்கின்றன என்று சொல்லி, இப்போதைக்கு விளையாட்டுக் கணக்கில் சேராது என்று தீர்ப்பளித்தார். 2012-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. அங்கே 'விளையாட்டு' என்று சொன்னது பல்கலைக்கழகம். இல்லை என்று வாதாடியவர்கள் விளையாட்டு வீராங்கனைகள்!

அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. கலிஃபோர்னியா 2015-இல் சட்டம் போட்டுப் போட்டி சியரைப் பள்ளி விளையாட்டாக்கியது. 2021 ஜூலையில் சர்வதேச ஒலிம்பிக் குழு, சியர் சம்மேளனத்துக்கு முழு அங்கீகாரம் கொடுத்தது. ஒலிம்பிக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. வாசலைத் திறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஹூஸ்டன் நண்பருக்கு ஒரு தகவல். 1898-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதை ஆரம்பித்தது ஆண்கள். பெண்கள் வந்தது பின்னால். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசனோவர் ராணுவக் கல்லூரியில் முழங்கால் போனபிறகு சியர்லீடராக இருந்தவர். ஜார்ஜ் டபிள்யூ புஷ் பள்ளியில் தலைமைச் சியர்லீடர். இருவரையும் பரதநாட்டியத்தில் சேர்த்திருக்கலாமோ?

---

ஹூஸ்டன்வாசி:

சரி சரி, போட்டி மேட்டில் ஏறினால் விளையாட்டு என்று ஒத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் மைதான ஓரத்தில் நின்று கத்துவது?

---

மூணு_பிள்ளை_அம்மா:

அங்கேதான் சிக்கல் தம்பி. டெக்சாஸ் மாநிலப் போட்டியில் அந்தக் கத்துவதற்கும் மார்க் இருக்கிறது! கூட்டத்தை எப்படி எழுப்புகிறார்கள் என்று நடுவர் பார்ப்பார். எனக்கும் அது கொஞ்சம் வேடிக்கைதான்.

---

பழைய_செட்டர்:

எல்லாருக்கும் நன்றி. வாலிபாலைக் கலைத்த கதையைப் படித்து ராத்திரி தூக்கம் வரவில்லை, சட்டப்புத்தகம் தம்பி.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். யூனிஃபார்ம் எவ்வளவு, கேம்ப் எப்போது என்று மற்றவர்கள் கேட்டார்கள். நான் அக்கா சொன்ன மூன்றையும் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கேட்டேன். தரைக்கும் தலையடிக்கும் கோச் உடனே பதில் சொன்னார்: மேட் இல்லாமல் ஸ்டண்ட் கிடையாது, டாக்டர் தாள் இல்லாமல் திரும்ப வர முடியாது. டிரெய்னர் கேள்விக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "செவ்வாய், வியாழன் மட்டும் பக்கத்துக் கட்டடத்தில் இருப்பார்" என்றார். மற்ற நாட்களுக்கு என்ன என்று மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.

மன்னிப்பு கேட்டாயிற்று. "எதுக்கு?" என்றாள். அவள் மறந்தேபோயிருக்கிறாள், அவள் அம்மாதான் மறக்கவில்லை.

ட்ரைஅவுட் அடுத்த வாரம். கராஜில் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டையை உள்ளங்கையில் ஏந்தி, முழங்காலை மடக்கி, தலைக்கு மேல் தூக்கிப் பழகுகிறாள். கையால் தூக்காதே, காலால் தூக்கு என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதை கோச் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். எண்ணுகிற வேலையை மட்டும் எனக்குக் கொடுத்திருக்கிறாள். நேற்று மூட்டையின் ஓரத் தையல் பிரிந்து கராஜ் முழுக்க அரிசி.