‘டெமோ’வுக்குத் தமிழ்: ‘கேட்புப் பதிவு’ என முன்மொழிகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் இசைத்துறைச் சொற்பட்டியலில் ‘டெமோ’ (வாய்ப்புத் தேடும் குழு பிறர் கேட்பதற்காகப் பதிந்து கொடுக்கும் பதிவு) என்பதற்கு நேராக ‘மாதிரிப் பதிவு’, ‘முன்னோட்டப் பதிவு’, ‘வெள்ளோட்டப் பதிவு’ ஆகிய மூன்றும் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. ஒரு ராக் இசைக்குழு பெயர் பெறுவதற்கு முன்பு பதிவுசெய்து, வெளியிடாமல் வைத்திருந்த பாடல்களை எப்படிச் சொல்வது என்பதிலிருந்து தொடங்கிய பேச்சு இது. ஒரு வாரமாக மூன்றையும் மனத்தில் போட்டுப் பார்த்தேன். மூன்றும் எனக்கு ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு நான்காவதாக ஒன்றை வைக்கிறேன்.

‘மாதிரி’ என்ற சொல்லை, இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்து எழுதும் நான் தேயிலையோடு சேர்த்தே கேட்டு வளர்ந்தவன். தொழிற்சாலையில் சலித்துத் தரம் பிரித்த தூளிலிருந்து கொஞ்சம் எடுத்து, கொழும்பு ஏலத்துக்கு முன்பாகச் சுவை பார்ப்பவர்களுக்கு அனுப்புவார்கள். அதுதான் எங்களுக்கு மாதிரி. கோப்பையில் சுவைத்ததும் மூடையில் கிடப்பதும் ஒரே தூளாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது மோசடி. டெமோ அப்படிப்பட்டதல்ல. முடிந்த பொருளிலிருந்து கிள்ளி எடுத்த துண்டாக அது இருப்பதில்லை. அது பதிவாகும் வேளையில் முடிந்த பொருள் என்று ஒன்றே கிடையாது.

‘முன்னோட்டம்’ திரைப்பட விளம்பரத்துக்கு நிலைத்துவிட்டது என்பது சின்னத் தடைதான். பெரிய தடை அதிலுள்ள ‘முன்’. முன் என்றால் பின் ஒன்று வந்தே தீர வேண்டும். டெமோக்களின் வரலாறு அந்த வரிசைக்கு அடங்குவதில்லை. குவீன் என்ற ராக் குழுவினர் 1971 இல் லண்டனில் டி லேன் லீ ஒலிப்பதிவுக் கூடத்தில் ஐந்து பாடல்களைப் பதிந்தார்கள். புதிதாக அமைத்த கூடத்தின் கருவிகளைச் சோதிக்க யாராவது வாசிக்க வேண்டியிருந்ததால் அவர்களுக்கு அந்த வாய்ப்பு வாய்த்தது. 1973 இல் முதல் தொகுப்பு வெளிவந்தபோது, அந்த ஐந்தில் ஒன்று திரும்பப் பாடப்படாமல் அந்தப் பழைய பதிவாகவே அதில் இடம்பெற்றது. ஐந்தும் முறையாக வெளிவந்தது 2011 இல். முன்னோட்டம் என்று நாம் பெயரிட்டால், அந்த ஒரு பாட்டுக்கு ஓட்டம் எது?

‘வெள்ளோட்டம்’ அழகான சொல். புதுத் தேரைச் சாமி ஏற்றாமல் வீதியில் இழுத்துப் பார்க்கும் அந்தக் காட்சியே உவமையாக நிற்கிறது என்று எழுதிய நண்பரோடு பாதிவரை உடன்படுகிறேன். ஆனால், வெள்ளோட்டத்துக்கு நாள் குறிக்கும்போதே திருவிழாவுக்கும் நாள் குறித்தாகிவிடும். டெமோ பதிகிறவர்களுக்குத் திருவிழா உண்டா இல்லையா என்றே தெரியாது. அதோடு, மென்பொருளின் சோதனைப் பதிப்பை ‘வெள்ளோட்டப் பதிப்பு’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. ‘பதிப்பு’, ‘பதிவு’ என்ற ஒரு சிறு வேறுபாட்டில் இரண்டு துறைகளைத் தொங்கவிடுவது நல்லதல்ல.

இந்தத் தெரியாமையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு எங்கள் வீட்டில் இருக்கும் ஒரு கசட் காரணம். 1989 இல் அண்ணனும் அவருடைய கூட்டாளிகள் மூவரும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம்) அதைப் பதிந்தார்கள். இரவில் அங்கே ஆள் இருக்காது. கிட்டார் ஒன்று, தப்பு மேளம் ஒன்று, ஒரு மேசை, அதன்மேல் கடன் வாங்கிய ரெக்கோடர். நான்கு பாடல்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் தகரக் கூரையில் மழை பிடித்துக்கொள்கிறது. பாடுகிறவர் நிறுத்தாமல் மழைக்கு மேலே குரலை உயர்த்துகிறார். யாரும் தவறுதலாக மேலே பதிந்துவிடக் கூடாதென்று கசட்டின் முதுகிலிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிட்டு, பிரதியெடுத்து, கொழும்பில் ஓரிடத்துக்குத் தபாலில் அனுப்பினார்கள். பதில் வரவில்லை. அந்தக் குழு வேறெதையும் பதியவும் இல்லை. வீட்டிலிருக்கும் கசட்டின் ஒட்டுத்தாளில் அண்ணனுடைய கையெழுத்தில், நீல மையில், ‘தயவுசெய்து கேட்டுப் பார்க்கவும்’ என்று இருக்கிறது. பாடல்களின் பெயர்கள்கூட அதற்குக் கீழேதான்.

நான் தேடிய சொல் அந்த ஒட்டுத்தாளில் இருந்தது. ‘கேள்’ என்ற வினை காதால் கேட்பதையும் குறிக்கும். வேண்டிக் கேட்பதையும் குறிக்கும். டெமோ இரண்டையும் ஒருசேரச் செய்கிறது: எங்கள் பாட்டைக் கேளுங்கள் என்கிறது, எங்களுக்கு ஓர் இடம் கொடுங்கள் என்றும் கேட்கிறது. ஆகவே ‘கேட்புப் பதிவு’. பின்னால் ஒன்று வந்தாலும் வராவிட்டாலும் இந்தச் சொல் தன் காலில் நிற்கும். குவீன் குழுவின் 1971 ஆம் ஆண்டுப் பதிவும் பிள்ளைக் காம்பராப் பதிவும் இதற்குள் ஒரே தகுதியோடு அடங்கும்.

எல்லைகளைச் சோதித்துப் பார்த்தேன். 1988 ஜனவரி 23 அன்று, பின்னாளில் நிர்வாணா என்று பெயர் சூடிய குழு சியாட்டில் நகரில் ஒரே பிற்பகலில் பத்துப் பாடல்களைப் பதிந்தது. செலவு 152 டொலரும் சில்லறையும். பதிவு செய்த ஜாக் எண்டினோ அதன் பிரதியை சப் பாப் இசை வெளியீட்டு நிறுவனத்தின் ஜொனதன் போன்மனிடம் கொடுத்தார். 1989 இல் முதல் தொகுப்பு அந்நிறுவனத்தின் வழியே வந்தது. கேட்புப் பதிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

சிக்கலானது பீட்டில்ஸ் குழுவினரின் பதிவு. 1962 ஜனவரி 1 அன்று டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் அவர்கள் பாடிய பதினைந்து பாடல்களும், கண்டிப்பாகச் சொன்னால், நம் வானொலிக்காரர்கள் ‘குரல் தேர்வு’ என்பார்களே, அந்த வகை. டெக்கா அவர்களை மறுத்துவிட்டது. அதன் பிறகு மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் அந்த நாடாக்களை எடுத்துக்கொண்டு லண்டனில் அலைந்தார். ஒக்ஸ்போர்ட் வீதியிலிருந்த எச்.எம்.வி. கடையில் அவற்றை இசைத்தட்டுகளாக வெட்டிப் பதிந்துகொண்டார். அந்த வழியாகத்தான், பின்னர் அவர்களுடைய இசைத்தட்டுகளைத் தயாரித்த ஜோர்ஜ் மார்ட்டினைச் சென்றடைந்தார். குரல் தேர்வாகப் பிறந்தது, கையில் எடுத்துச் செல்லப்பட்டபோது கேட்புப் பதிவாயிற்று என்பேன். பதிவான இடத்தையல்ல, பயன்பட்ட விதத்தைக் கொண்டே பெயரிட வேண்டும். அவர்களில் மூவர் இருந்த குவாரிமென் குழு 1958 இல் லிவர்பூலில் காசு கொடுத்து வெட்டிக்கொண்ட ஒற்றைத் தட்டை இதில் சேர்க்கமாட்டேன். அதை அவர்கள் தங்களுக்குள்தான் கைமாற்றிக் கேட்டார்கள். எவரிடமும் எதையும் வேண்டவில்லை. அதற்குச் ‘சொந்தப் பதிவு’ போதும்.

‘எல்லாப் பதிவும் கேட்பதற்குத்தானே’ என்ற மறுப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன். எல்லாரும் எல்லாரையும் பார்க்கத்தான் செய்கிறோம். ஆனாலும் ‘பெண் பார்க்க வருகிறார்கள்’ என்றால் எந்தப் பார்வை என்று வீட்டிலுள்ள குழந்தைக்கும் விளங்குகிறது. வழக்கு அந்த வேலையைச் செய்துகொள்ளும்.

எழுதும் முறை: ஒருமையில் ‘கேட்புப் பதிவு’, பகரம் மிகும். நாடாவில் இருந்தால் ‘கேட்பு நாடா’, தட்டில் இருந்தால் ‘கேட்புத் தட்டு’. நாம் தொடங்கிய பொருளுக்கு ‘வெளிவராத தொடக்கக் காலக் கேட்புப் பதிவுகள்’ என்று எழுதலாம். நீளமாகத் தோன்றினால் ‘வெளிவராக் கேட்புப் பதிவுகள்’. பேச்சில் டெமோ என்பது இருந்துவிட்டுப் போகட்டும். ‘கேட்பு’ என்பதை (‘கேட்பு வரைவோலை’ போல) வங்கிச் சொல்லாக மட்டுமே அறிந்த தமிழக நண்பர்களுக்கு இது இடறுமா என்பதை அவர்களே சொல்ல வேண்டும். அந்தப் பதிலைப் பார்த்த பிறகு பட்டியலில் ஏற்றலாம்.