உதவி தேவை: டிவிஹெட்எண்டுக்கு எளிய நிறுவல் கருவி – மதுரையில் இயங்குகிறது, உசிலம்பட்டியில் ஒரு சேனல்கூட வரவில்லை

வைகைக்கரை (செல்லூர், மதுரை)

அனைவருக்கும் வணக்கம். லினக்ஸ் கட்டளை எதுவும் அறியாதவர்கள், டிவிஹெட்எண்ட் மென்பொருளைத் தாங்களே நிறுவித் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துகொள்வதற்கென ஒரு சிறு கருவியைப் பைத்தானில் எழுதி வருகிறேன். ராஸ்பெர்ரி பை 4 கணினியில் மெமரி கார்டைச் செருகி, செயற்கைக்கோள் டியூனரை யூஎஸ்பியில் இணைத்து, கைப்பேசியில் ஒரு முகவரியைத் திறந்தால், தமிழில் வரும் சில கேள்விகளுக்கு விடை தந்த உடனே டிடி ஃப்ரீ டிஷ் சேனல்கள் பட்டியலாக வந்துவிட வேண்டும் என்பதே நோக்கம். திரைக்குப் பின்னால் என் கருவி, டிவிஹெட்எண்டின் 9981 ஆம் போர்ட் வழியாக அதன் ஏபிஐயை (மற்ற நிரல்கள் அதற்குக் கட்டளையிடும் வழியை) அழைத்து எல்லா அமைப்புகளையும் எழுதிவிடுகிறது.

டிவிஹெட்எண்டிலேயே 4.2 பதிப்பிலிருந்து ஒரு வழிகாட்டி இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது, ஆனால் நெட்வொர்க் வகை எது, முன்வரையறுத்த டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் ஓர் அலைவெண்ணில் பல சேனல்களைச் சேர்த்து அனுப்பும் பகுதி) பட்டியல்களில் எது வேண்டும் என்று அது கேட்கும்போது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான என் பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுகிறார். அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த முயற்சி.

என் வீட்டில் கருவி நன்றாக இயங்குகிறது. உசிலம்பட்டியில் பெரியப்பா வீட்டில் அதே மெமரி கார்டு, அதே வகை டியூனர். டியூனர் அடையாளம் காணப்படுகிறது. அதற்கான ஃபர்ம்வேரும் (டியூனருக்குள் இயங்கும் மென்பொருள்) ஏறியிருப்பதைக் கெர்னல் பதிவில் (லினக்ஸின் மையப் பகுதி எழுதும் குறிப்பேட்டில்) கண்டேன். சிக்னல் வலிமை என் வீட்டில் தெரியும் அளவுக்கே தெரிகிறது. ஆயினும் தேடலின் முடிவில் எல்லா டிரான்ஸ்பாண்டர்களும் தோல்வி என்றே வருகின்றன. சேனல் எண்ணிக்கை பூஜ்யம். இதற்கு என்ன காரணமாக இருக்கலாம்?

இன்னொரு சிக்கலும் உண்டு. என் வீட்டிலேயே, மின்தடை வந்து போன நாள்களில் நேரம் குறித்து வைத்த பதிவுகள் சில தவறிவிடுகின்றன, சில மிகத் தாமதமாகத் தொடங்குகின்றன. இரண்டிற்கும் தொடர்பு இருக்குமா என்று தெரியவில்லை.

மாட்டுத்தாவணி மென்பொருளர்

மூன்று விவரங்கள் தேவை. எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் பகுதி) வகை என்று உங்கள் கருவி கேட்கும் இடத்தில் உசிலம்பட்டியில் எதைத் தேர்ந்தெடுத்தார்கள்? அந்த டிஷ் எந்த நிறுவனத்தின் இணைப்புக்காக முதலில் வைக்கப்பட்டது? தேடல் நடக்கும்போது கெர்னல் பதிவில் அலைவெண் வரம்புக்கு வெளியே இருக்கிறது என்ற பொருளில் ஏதேனும் வரி வருகிறதா?

வைகைக்கரை

விரைவான பதிலுக்கு நன்றி. டிவிஹெட்எண்டில் உள்ள எல்என்பி பட்டியலையே கருவியிலும் காட்டுகிறேன். பெரியப்பா அதில் ‘ஸ்டாண்டர்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். டிஷ், பழைய சன் டைரக்ட் இணைப்பினுடையது. அந்தச் செட்டாப் பாக்ஸ் இன்றும் பயன்பாட்டில் இருப்பதால், கேபிளை ஒரு ஸ்பிளிட்டரில் பிரித்து டியூனருக்குக் கொடுத்திருக்கிறார்கள். கெர்னல் பதிவில் நீங்கள் குறிப்பிட்ட வரி எதுவும் இல்லை.

மாட்டுத்தாவணி மென்பொருளர்

அப்படியானால் முதல் காரணம் தெரிந்துவிட்டது. ஸ்பிளிட்டர் இரண்டாவது காரணமாக இருக்கக்கூடும். அதைப் பற்றி டிஷ் வேலை தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

வானிலிருந்து வரும் 10,700 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவெண்ணை அப்படியே கேபிளில் இறக்க முடியாது என்பதால், எல்என்பி தன்னுள் இருக்கும் லோக்கல் ஆசிலேட்டரின் (நிலையான ஓர் அலையை உருவாக்கும் சுற்றின்) அலைவெண்ணை அதிலிருந்து கழித்து, மிச்சத்தை மட்டும் கீழே அனுப்புகிறது. டியூனர் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள மிச்சத்தைத்தான் பிடிக்கும். நம் ஊர்களில் பெரும்பாலும் காணப்படும் யுனிவர்சல் எல்என்பியில் இரண்டு ஆசிலேட்டர்கள் உள்ளன: 11,700 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே 9750, அதற்கு மேலே 10,600. 22 கிலோஹெர்ட்ஸ் டோன் அனுப்பினால் மேல்பகுதிக்கு மாறும். ஃப்ரீ டிஷ் அலைவெண்கள் எல்லாமே 11,700க்குக் கீழே வருவதால் டோன் தேவையே இல்லை.

இப்போது 11,090 மெகாஹெர்ட்ஸில் ஒரு டிரான்ஸ்பாண்டரைத் தேடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் இருக்கும் யுனிவர்சல் எல்என்பி, 9750ஐக் கழித்து அதை 1340இல் கீழே அனுப்புகிறது. ஆனால் டிவிஹெட்எண்டில் ‘ஸ்டாண்டர்ட்’ என்ற பெயரில் இருப்பது 10,000 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் கொண்ட வேறு வகை எல்என்பி. எனவே மென்பொருள் 1090இல் போய்க் காத்திருக்கிறது. அந்த இடத்தில் வருவது 10,840 மெகாஹெர்ட்ஸின் வெற்று இரைச்சல். 1090 என்பது டியூனரின் வரம்புக்குள்ளேயே இருப்பதால் கெர்னலும் குறை சொல்லாது. 10,600 கொண்ட ஒற்றை ஆசிலேட்டர் எல்என்பி என்று தவறாகத் தேர்ந்தெடுத்திருந்தால், கணக்கு 490க்கு வந்து, வரம்புக்கு வெளியே என்ற வரி பதிவாகியிருக்கும். அந்த வரி இல்லாததே இந்த முடிவுக்கு என்னை இட்டுச் சென்றது.

சிக்னல் வலிமை நன்றாகத் தெரிந்ததை நம்ப வேண்டாம். எல்என்பிக்கு மின்சாரம் போனாலே அதன் இரைச்சல் பெருக்கப்பட்டுக் கீழே வரும். டிஷ் வெறும் வானத்தைப் பார்த்திருந்தாலும் வலிமைப் பட்டை ஏறித்தான் நிற்கும். பார்க்க வேண்டியவை சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதமும், லாக் ஆனதா (டியூனர் ஒளிபரப்பைப் பிடித்துக்கொண்டதா) இல்லையா என்பதும் மட்டுமே. உங்கள் கருவியில் வலிமைப் பட்டையைக் காட்டுவதையே நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. அது பயனருக்கு நம்பிக்கை தருகிறது, தகவல் தருவதில்லை.

அடிப்படையில், கருவியே கண்டுபிடிக்கக்கூடிய ஒன்றைப் பயனரிடம் கேட்கக் கூடாது. பெரியப்பா தம் வீட்டு எல்என்பியைக் கழற்றிப் பார்த்தவர் அல்லர். பட்டியலில் வழக்கமானது போல ஒலிக்கும் பெயரைத்தான் யாரும் தேர்ந்தெடுப்பார்கள். ஆகவே அந்தக் கேள்வியையே நீக்கிவிட்டு, நிச்சயம் ஒளிபரப்பில் உள்ள ஒரு டிரான்ஸ்பாண்டரை எடுத்துக்கொண்டு, யுனிவர்சல், 10,600 ஒற்றை, 10,000 ஒற்றை என்ற வரிசையில் கருவியே முயன்று பார்க்கட்டும். ஒவ்வொன்றிலும் எல்என்பிக்கு அனுப்பும் வோல்ட்டேஜை 13 வோல்ட், 18 வோல்ட் என இரண்டாகவும் முயன்றாலும் மொத்தம் 6 முயற்சிகள்தாம். லாக் ஆவதற்குச் சில நொடிகளே பிடிக்கும் என்பதால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எதிலும் லாக் ஆகவில்லை என்றால் சிக்கல் மென்பொருளில் இல்லை, மாடியில் இருக்கிறது என்று துணிந்து சொல்லிவிடலாம். அதுவே பயனருக்குப் பெரிய உதவி.

ஒன்று லாக் ஆன பிறகு, மற்ற டிரான்ஸ்பாண்டர்களின் பட்டியலை நீங்கள் கருவியில் எழுதி வைக்கவும் வேண்டாம். ஒளிபரப்போடு வரும் என்ஐடி என்ற நெட்வொர்க் விவர அட்டவணையில் அவை இருக்கும். டிவிஹெட்எண்டில் நெட்வொர்க் கண்டறிதலை இயக்கி வைத்தால் அதுவே சேர்த்துக்கொள்ளும். முன்வரையறுத்த பட்டியல்கள் காலப்போக்கில் பழையவையாகிவிடுகின்றன.

திருமங்கலம் டிஷ்காரர்

தம்பி, சன் டைரக்ட் டிஷ் என்பதால் திசையை மாற்ற வேண்டியதில்லை. 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 நிற்கும் 93.5 டிகிரி கிழக்கிலிருந்துதான் ஃப்ரீ டிஷ்ஷும் வருகிறது, சன் டைரக்டும் வருகிறது. மதுரைப் பக்கத்தில் அந்த இடம், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக ஏறத்தாழ 122 டிகிரி திசையில், அதாவது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் இடையே தென்கிழக்குப் பக்கம் சற்று ஒதுங்கி, தரையிலிருந்து ஏறத்தாழ 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. 83 டிகிரியிலோ 108 டிகிரியிலோ உள்ள கோளைப் பார்க்கும் மற்ற நிறுவனங்களின் டிஷ்ஷாக இருந்தால் திருப்பியே ஆக வேண்டும். எனவே டிஷ் எந்த நிறுவனத்தினுடையது என்ற ஒரு கேள்வியை மட்டும் உங்கள் கருவியில் வைத்துக்கொள்ளுங்கள்; அதற்கு எந்த வீட்டிலும் சரியான விடை கிடைக்கும்.

ஆனால் அந்த ஸ்பிளிட்டரை எடுத்துவிடச் சொல்லுங்கள். செட்டாப் பாக்ஸ் கேபிள் வழியே அனுப்பும் வோல்ட்டேஜை வைத்துத்தான் எல்என்பி செங்குத்து அலை, கிடை அலை என்று மாறுகிறது: 13 வோல்ட் என்றால் செங்குத்து, 18 என்றால் கிடை. ஒரே கேபிளில் பாக்ஸ் 18ஐ அனுப்பும் நேரத்தில் உங்கள் டியூனர் 13ஐக் கேட்டால், எல்என்பி பாக்ஸின் பேச்சைத்தான் கேட்கும். சில நேரம் சேனல் வரும், சில நேரம் வராது. இப்படிப்பட்ட வீடுகளில் வாடிக்கையாளர் சொல்லும் குறையைக் கேட்டால் பேய் பிடித்த கதை போலவே இருக்கும். இரட்டை வெளியீடு உள்ள எல்என்பியை மாட்டி, இரண்டு கேபிள் இறக்கிவிட்டால் இருவரும் அவரவர் வழியில் போகலாம்.

டியூனரோடு வந்த தனி அடாப்டரையும் சுவரில் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். டியூனரும் இயங்கி, எல்என்பிக்கு 18 வோல்ட்டும் போக அது போதாது. அடாப்டர் இல்லாமலும் டியூனர் கணினியில் தெரியும் என்பதால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. கருவியில் இதற்கு ஒரு படம் போட்டுக் காட்டுங்கள்.

வைகைக்கரை

ஐயா இருவருக்கும் மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டி சென்று வந்தேன். எல்என்பி வகையை யுனிவர்சல் என்று மாற்றியதும் முதல் டிரான்ஸ்பாண்டர் லாக் ஆனது. செட்டாப் பாக்ஸை அணைத்து வைத்தபோது எல்லாமே வந்தன. அதை இயக்கியதும் சில காணாமல் போயின. ஆக, இரண்டு காரணங்களும் உண்மை. இரட்டை எல்என்பி வாங்கி மாட்டியாயிற்று. டிடி தமிழ் சேனலை (2024 ஜனவரி வரை பொதிகை என்ற பெயரில் இருந்தது) பெரியப்பா இப்போது கைப்பேசியிலேயே தொட்டுப் பதிவு செய்கிறார்.

கருவியில் நீங்கள் சொன்ன தானியங்கி முயற்சியை எழுதிவிட்டேன். என்ஐடி வழியாகச் சேர்க்கும்போது ஒரு புதுத் தொல்லை: அதே கோளில் கட்டணச் சேனல்களும் இருப்பதால், குறியாக்கம் செய்யப்பட்ட ஏராளமான சேனல்களும் பட்டியலில் வந்து குவிந்தன. சேனல்களை வரைபடுத்தும் (கண்டறிந்தவற்றைப் பட்டியலில் ஏற்றும்) நிலையில் குறியாக்கம் உள்ளவற்றைச் சேர்க்காமல் விடும் தேர்வை இயல்பாகவே இயக்கிவிட்டேன். தொட்டால் கறுப்புத் திரை வரும் சேனல் ஒன்றுகூடப் பட்டியலில் இருக்கக் கூடாது என்பதில் பெரியப்பா உறுதியாக இருக்கிறார்.

மின்தடைச் சிக்கல் மட்டும் எஞ்சியுள்ளது.

மேலூர் கணினி ஆசிரியை

அதற்குக் காரணம் கடிகாரம். ராஸ்பெர்ரி பை 4இல், அணைந்திருக்கும்போதும் நேரத்தைக் காத்து வைக்கும் கடிகாரச் சில்லு இல்லை. பழைய மேசைக் கணினிகளில் இருக்கும் பொத்தான் பேட்டரி செய்யும் வேலையை இங்கே செய்ய யாரும் இல்லை. கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்துதான் அது மீண்டும் எண்ணத் தொடங்கும், பிறகு இணையத்தில் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும். அந்தச் சேமிப்பும் மணிக்கு ஒருமுறைதான் நடக்கும். திடீரென்று மின்சாரம் போனால் கடைசி நிமிடங்கள் சேமிக்கப்படாமல் போய்விடும்.

மாலை 5 மணிக்கு நேரம் சேமிக்கப்பட்ட உடனே மின்சாரம் போய், 6:30க்கு வருவதாகக் கொள்ளுங்கள். பை ஒரு நிமிடத்தில் எழுந்துவிடும். அதன் கடிகாரத்தில் மணி 5. ஃபைபர் மோடம் எழுந்து இணையம் கிடைத்துவிட்டால் நேரம் சரியாகிவிடும். தெருமுனையில் உள்ள ஃபைபர் பெட்டிக்கு இன்னும் மின்சாரம் வராமல் இருந்தால், 7 மணி நிகழ்ச்சியை அது உண்மையான 8:30க்குத்தான் பதிவு செய்யத் தொடங்கும். உங்கள் பதிவுகளில் சில தாமதமாகவும் சில முற்றாகத் தவறியும் இருப்பது இதனோடு பொருந்துகிறது.

நேரம் சரியாகும் வரை டிவிஹெட்எண்டைத் தொடங்காமல் காக்க வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இணையம் வராத இரவில் எதுவுமே பதிவாகாது என்பதால் எனக்கு அது உகந்ததாகத் தோன்றவில்லை. டிஎஸ் 3231 என்ற சிறு கடிகாரச் சில்லு ஒன்றைப் பையின் ஊசிகளில் செருகி, பொத்தான் பேட்டரியும் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கருவி அதைத் தானே கண்டறிந்து இயக்கிக்கொள்ளலாம். பை 5இல் கடிகாரச் சில்லு உள்ளேயே இருக்கிறது, ஆனால் அதற்கும் பேட்டரியைத் தனியாக இணைத்தாக வேண்டும். செலவே வேண்டாம் என்றால், ஒளிபரப்பிலேயே டிடிடி என்ற நேர அட்டவணை வருகிறது. அதைக் கொண்டு கணினியின் நேரத்தைத் திருத்தும் தேர்வு டிவிஹெட்எண்டின் பொது அமைப்புகளில் உண்டு. கணினி நேரத்தை மாற்றும் உரிமை டிவிஹெட்எண்ட் இயங்கும் பயனருக்கு இயல்பாக இருக்காது. அந்த உரிமையை உங்கள் கருவிதான் வழங்க வேண்டும்.

நிகழ்ச்சி நிரலில் எல்லா நேரமும் சரியாக 5:30 மணி நேரம் தள்ளித் தெரிந்தால் மட்டும் கடிகாரத்தைத் தொடாதீர்கள். அட்டவணையில் உலகப் பொது நேரத்தை எழுத வேண்டிய இடத்தில் இந்திய நேரத்தை எழுதி அனுப்பும் சேனல்கள் உண்டு. நெட்வொர்க் அமைப்பில் ஈஐடி (நிகழ்ச்சி நிரல் அட்டவணை) நேர இடைவெளியை மாற்றினால் அது நேராகிவிடும்.

வைகைக்கரை

அம்மா, மிகத் தெளிவான விளக்கம். கடிகாரச் சில்லைக் கட்டாயமாக்காமல், இருந்தால் பயன்படுத்துவது, இல்லாவிட்டால் ஒளிபரப்பு நேரத்தை எடுப்பது என்று எழுதுகிறேன். ஒரு சிறு ஐயம்: பென் டிரைவில் பதிவாகும் திரைப்படங்கள் இறுதிக் காட்சிக்கு முன்பே நின்றுவிடுகின்றன. இடம் நிறையவே மீதம் இருக்கிறது.

மாட்டுத்தாவணி மென்பொருளர்

அந்தப் பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. நொடிக்கு 4 மெகாபிட் வரும் சேனல் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி பிடிக்கும். விளம்பரங்களோடு மூன்று மணி நேரம் ஓடும் படம் இரண்டேகால் மணி நேரத்தைத் தாண்டியதும் நின்றுவிடும். இஎக்ஸ்டி4 வடிவுக்கு மாற்றுங்கள். ஆனால் கருவி தானாக அழித்துவிடாமல், பென் டிரைவில் பழைய கோப்புகள் இருந்தால் அவற்றின் பெயர்களைக் காட்டி ஒருமுறை கேட்க வேண்டும். யாரேனும் கல்யாண வீடியோவை வைத்திருப்பார்கள்.

திருமங்கலம் டிஷ்காரர்

சித்திரைத் திருவிழாவுக்கு முன் இந்தக் கருவி தயாராகுமானால் எனக்கு நான்கைந்து வீடுகளில் வேலை இருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நேரடி ஒளிபரப்பு, அறிவித்த நேரத்தில் முடியாது. அதற்கு ஏதேனும் வழி இருக்கிறதா?

வைகைக்கரை

இருக்கிறது, ஐயா. பதிவு அமைப்பில் முன்னும் பின்னும் கூடுதல் நிமிடங்கள் சேர்க்கலாம். வழக்கமான நிகழ்ச்சிகளுக்கு முன்னால் 2, பின்னால் 10 நிமிடம் என்று கருவியில் வைத்திருக்கிறேன். நேரடி ஒளிபரப்புக்கென்று தனியாக ஒரு பொத்தான் வைத்து, அதை அழுத்தினால் பின்னால் 120 நிமிடம் சேருமாறு செய்துவிடுகிறேன். ஒரே டிரான்ஸ்பாண்டரில் உள்ள சேனல்களை ஒரே டியூனரால் ஒரே சமயத்தில் பதிவு செய்ய முடியும். அந்த இரண்டு மணி நேரத்தில் வேறு டிரான்ஸ்பாண்டரில் உள்ள நிகழ்ச்சி எதுவும் குறிக்கப்பட்டிருந்தால் மட்டும், எது வேண்டும் என்று கருவி முன்கூட்டியே கேட்கும். சோதனைப் பதிப்பை உங்களுக்கு முதலில் அனுப்புகிறேன். இரட்டை எல்என்பி உள்ள வீட்டிலும் இல்லாத வீட்டிலும் ஒவ்வொரு முறை ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.