புதுப்பிப்பு: முகத்துவாரக் கட்டுரைக்குத் தலைப்பு சரிவந்தது

மட்டக்களப்பு வாவியின் முகத்துவார மணல்திட்டை மாரி வெள்ளத்தின்போது ஏன் வெட்டிவிடுகிறார்கள் என்ற என் கட்டுரைக்குத் தலைப்புக் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் வைத்திருந்தது "முகத்துவாரம்: ஒரு பார்வை". வாசிக்கிறவர் மனதில் இருக்கும் கேள்வியையே தலைப்பாக்கச் சொன்ன அக்காவின் யோசனைதான் கைகொடுத்தது. "மட்டக்களப்பு முகத்துவாரத்தை எப்போது வெட்டுவார்கள், ஏன்?" என்று மாற்றினேன். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் செய்கிறவர்கள் தண்ணீர் ஏறும்போது கேட்பதே அதுதான். மாற்றிய பிறகு அவர்களே பகிரத் தொடங்கினார்கள், கூடவே நல்ல கேள்விகளும் வந்தன.

"மூழ்கப்போகிறதா மட்டக்களப்பு?" என்றும் ஒருவர் சொன்னார். கட்டுரையில் அப்படி எதுவும் இல்லை. மழை நாளில் சனத்தைப் பயமுறுத்தி வாசிக்கவைக்க எனக்கு விருப்பமில்லை.

எதிர்பாராத ஒன்று: கூகுள் தேடலில் நீளமான தலைப்பு திரையின் அகலத்துக்கு ஏற்பத்தான் வெட்டுப்படுகிறது. நம் எழுத்துகள் அகலமானவை, 'ணை', 'ஞா' எல்லாம் நிறைய இடம் பிடிக்கும். ஆங்கிலத் தலைப்பு 60 எழுத்துக்குள் இருந்தால் வெட்டுப்படாது என்று சொல்லும் கணக்கை நம்பவேண்டாம். என் போனில் கடைசி "ஏன்?" காணாமல் போயிருந்தது. அதனால் "முகத்துவாரம் ஏன் வெட்டப்படுகிறது? மட்டக்களப்பு வெள்ளக்கால விளக்கம்" என்று வைத்தேன். இப்போது கேள்வி முழுதாகத் தெரிகிறது.