புதுப்பிப்பு: ஸ்டுடியோ மேசையின் பிளைவுட் ஓரங்கள் முடிந்தன

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. நானே செய்த ஸ்டுடியோ மேசையில் 18 மிமீ பிளைவுட்டின் அடுக்குகள் ஓரத்தில் பல்லிளிக்கின்றன, எப்படி மறைப்பது என்று கேட்டிருந்தேன். பசை தடவி வரும் 22 மிமீ வெனீர் (மெல்லிய மரத்தோல்) பட்டையை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டச் சொன்னதுதான் எடுபட்டது. நீராவியை அணைத்துவிட்டு மெதுவாக ஓட்டினால் பசை உருகும், சூடு ஆறுவதற்குள் மரக்கட்டையால் நன்றாக அழுத்தித் தேய்க்க வேண்டும், அப்போதுதான் பிடிக்கிறது. ஆறியதும் பிதுங்கியதைக் கத்தியால் சீவிவிட்டு, 150 கிரிட் (சொரசொரப்பு எண்) உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி உள்பக்கமாக மட்டும் தேய்த்தேன். வெளிப்பக்கமாக இழுத்தால் வெனீர் பிய்ந்து வரும்.

நான் எதிர்பார்க்காதது முன் ஓரம். கீபோர்டு வாசிக்கும்போது முன்கை அதில்தான் கிடக்கிறது, அந்தக் கூர்மை உறுத்துகிறது, மெல்லிய வெனீரை வளைவாக மழுக்கவும் முடியாது. சரி என்று அங்கே மட்டும் இன்னொருவர் சொன்னபடி கெட்டி மரச் சட்டம் ஒட்டி, ரவுட்டரில் (மரத்தின் ஓரத்தைச் செதுக்கும் மின்கருவி) 6 மிமீ வளைவு கொடுத்துவிட்டேன்.