கற்பனை மலைத்தொடர்: புவியியல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம், கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். கற்பனை உலக நாவல் ஒன்றுக்கு வரைபடம் கீறிக்கொண்டிருக்கிறேன். பூமத்தியரேகைக்குக் கிட்ட, வடக்குத் தெற்காக 6,000 மீற்றர் மலைத்தொடர். ஈரக்காற்று மேற்குக் கடலில் இருந்து வரும்.

இலங்கையின் நடுவிலுள்ள எங்கள் மலையகத்தைப் பார்த்துத்தான் தொடங்கினேன். தென்மேல் பருவக்காற்றில் மேற்குச் சரிவில் கினிகத்தேனைப் பக்கம் கொட்டித் தீர்க்க, அதே மாதங்களில் கிழக்குப் பக்கத்து வெலிமடை காய்ந்து கிடக்கும். அதனால் கிழக்குச் சரிவை வறண்ட புல்வெளியாக்கிவிட்டேன். சரி, அதற்கு மேலே? எங்கள் மிக உயர்ந்த மலை பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான், பனிக்கு இங்கே எங்கே போவது! 1,000 மீற்றருக்கு வெப்பநிலை 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்று வைத்தால், கரையில் 28 பாகை என்னும்போது 4,300 மீற்றரளவில் உறைநிலை வருகிறது. நிரந்தரப் பனி அங்கேயே தொடங்குமா, இன்னும் மேலேயா? ஈரப்பக்கத்துக்கும் வறண்ட பக்கத்துக்கும் ஒரே உயரமா?

அடுத்த தலையிடி ஆறு. கிழக்கில் பிறந்து, தொடரை ஊடறுத்து, மேற்குத் துறைமுகத்துக்கு வரவேண்டும். சிந்துவும் பிரம்மபுத்திராவும் இமயத்தை ஊடறுக்கின்றன. மலை எழும்பும் முன்பே ஆறு ஓடியது என்றால் போதுமா? வறண்ட பக்கத்து ஆற்றுக்கு அவ்வளவு தண்ணீர் பனியாற்றில் இருந்து வருமா?

புவியியல் படிப்பித்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விளக்குங்கள். தமிழில் நல்ல புத்தகம் இருந்தாலும் சொல்லுங்கள்.