பழைய தூண்டில் ராடின் கார்க் பிடி: குழி அடைப்பதும் இழைப்பதும்

(நாலு பேர் பேச்சு. பெயருக்குப் பதில் அவரவர் ஊர்.)

காரைக்குடி:
ஊரே இறங்கி மீன் பிடித்துக் கண்மாய் அழிக்கிற அன்றைக்கு ஊத்தாக் கூடையும் கச்சா வலையும் போதும். அதற்கு முன்னால் கரையில் நின்று விரால் தேடுகிறவர்களுக்குத்தான் ராடு. பரணில் கிடந்த ராடை இறக்கினால் கம்பும், நூல் ஓடும் கண்ணிகளான கைடும் சரியாக இருக்கும். கார்க் பிடி மட்டும் கறுத்து, அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருக்கும். உடனே பிய்த்து எறிய வேண்டாம். பாத்திர சோப்பு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய டூத் பிரஷ். கறுப்பில் பாதி கை எண்ணெயும் மீன் வழவழப்பும்தான், கழுவினாலே போய்விடும். பிளீச்சிங் பவுடர் பக்கம் போகாதீர்கள். வெளுக்கும், ஆனால் மேல்பரப்பு பொடியாக உதிரும். கழுவிய பிறகு நிழலில் ஒரு நாள் காயட்டும். ஐப்பசி மழை நேரமென்றால் இரண்டு நாள். ஈரத்தோடு குழி அடைத்தால் கார்க் காய்ந்து சுருங்கும்போது அடைப்பைச் சுற்றி முடி போல விரிசல் விடும்.

தேவகோட்டை:
அடைப்புக்கு கார்க் பொடி, தண்ணீர் தாங்கும் மரப்பசை. சாதாரண வெள்ளை ஃபெவிகால் ஈரத்தில் மறுபடி இளகும், மரைன் வகைதான் சரி. இரண்டு பங்கு பொடிக்கு ஒரு பங்கு பசை, சப்பாத்தி மாவுப் பதம். பொடிக்கு எங்கும் அலைய வேண்டாம்: பழைய இறகுப் பந்தின் தலை இயற்கைக் கார்க்காக இருந்தால் அதை 120 நம்பர் உப்புத்தாளில் தேய்த்தாலே போதும். விலை மலிந்த பந்துகளின் தலை ஒட்டுக் கார்க் (துகளை ஒட்டிச் செய்தது) அல்லது ஃபோம், அது ஆகாது. கிரிக்கெட் கார்க் பந்தும் ஆகாது, பிசின் கலந்த கட்டி.

குழிக்குள் கிடக்கும் பழுப்புத் தூளை முதலில் ஊசியால் கிளறி எடுங்கள். அதன் மேலேயே பூசினால் அடைப்பு பிடிக்க இடமில்லாமல் ஒரு சீசனில் தெறித்துவிடும். அடைப்பு கார்க்கைவிட ஒரு மட்டம் மேலே நிற்கட்டும், காயும்போது அமுங்கும். 24 மணி நேரம் கழித்துத்தான் இழைப்பு. பொடியோடு அரால்டைட் (இரு குழாயாக வரும் எபாக்ஸி பசை) கலக்காதீர்கள். கறுப்புப் புள்ளியாகத் தெரிவதோடு கார்க்கைவிடக் கடினமாகிவிடும். இழைக்கும்போது சுற்றிலும் கார்க் இறங்கிப்போகும், அடைப்பு மரு மாதிரி நிற்கும்.

கண்டனூர்:
பிடியில் கோர்த்திருக்கிற கார்க் வளையங்களில் நடுவில் ஒன்று மட்டும் பெயர்ந்து போயிருந்தால்? கைடு எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டுமா அண்ணே?

தேவகோட்டை:
வேண்டாம் தம்பி. நுனிப் பக்கமிருந்து கோர்த்தால்தான் கைடு தடுக்கும். புது வளையத்தை இரண்டாகப் பிளந்து கம்பைச் சுற்றி ஒட்டலாம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 32 மில்லி விட்டம், 12.5 மில்லி தடிமன், நடுத் துளை 6 மில்லி. பிளப்பதற்கு முன்பே துளையை வட்ட அரத்தால் கம்பின் பருமனுக்கு அகலப்படுத்திவிடுங்கள். பிளப்பது புது பிளேடால். ரம்பம் போட்டால் அதன் வாய் தின்ற அளவு வளையம் குறைந்து, மூட்டு வாய் பிளந்து நிற்கும். அடுத்தடுத்து இரண்டு வளையம் மாற்றினால் இரண்டாவதன் மூட்டைக் கால் சுற்று திருப்பி வையுங்கள்.

இங்கே அரால்டைட் சரி, ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை அல்ல, மெதுவாக இறுகுவது. இரு குழாயிலிருந்தும் சம அளவு. கட்டுவதற்கு சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டை நல்லது. நூல் கட்டினால் தழும்பு விழும். பிதுங்கும் பசையை அப்போதே ஸ்பிரிட் துணியால் துடைத்துவிட வேண்டும். இறுகிய பசைக் கோடுதான் அடுத்த வேலையைக் கெடுக்கிறது.

பள்ளத்தூர்:
அதேதான். பசைக் கோடு கெட்டி, கார்க் மெத்து. உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்தால் விரல் மெத்தான இடத்தில் அமுங்கும். முடிவில் பிடி மூங்கில் கணு மாதிரி ஆகும். பிறகு எத்தனை கோட் பூசினாலும் அந்தக் கணு மறையாது. நீளவாக்கில் தேய்க்க உப்புத்தாளைத் தட்டையான மரக்கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். வளைவுக்கு, துணி முதுகுள்ள தாளை இரண்டு விரல் அகலப் பட்டையாகக் கிழித்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது மாதிரி இழுங்கள். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை ராடைக் கால் சுற்று திருப்பாவிட்டால் ஒரு பக்கம் தட்டையாகும்.

ரீல் சீட்டிலும் (ரீல் பொருத்தும் இடம்) கம்பிலும் முன்னதாக மூன்று சுற்று மாஸ்கிங் டேப். மேடு இறங்கும் வரை 120, அப்புறம் 220, 320, 400. 600-க்கு மேல் போவது வீண். ஒவ்வொரு நம்பருக்கும் நடுவே தூளைத் தட்டித் துடையுங்கள். 120-இன் ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் 400-இல் கீறல் போடும். நம்ம செட்டிநாட்டு வீட்டுப் பழைய சுவர்களின் பளபளப்பும் மேல்பூச்சில் மட்டும் வந்ததல்ல, அடியில் உள்ள ஒவ்வொரு பூச்சும் சரியாக இருந்ததால் வந்தது. இதுவும் அப்படித்தான்.

கண்டனூர்:
கடைசியில் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

காரைக்குடி:
கூடாது. அது காயாத எண்ணெய், சிக்கு வாடை வரும், எறும்பும் வரும். வார்னிஷும் சரியில்லை: கார்க் அமுங்கும், வார்னிஷ் படலம் அமுங்காமல் வெடிக்கும், ஈரக் கையில் வழுக்கவும் செய்யும். ஆளிவிதை எண்ணெய் போடுவதென்றால் காய்ச்சின வகை, துணியில் தொட்டு ஒரே ஒரு மெல்லிய பூச்சு, பத்து நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவையுங்கள்.

தொண்டிப் பக்கம் கடலில் போடாமல் ஊருணி, கண்மாயோடு நிறுத்துகிறவர்களுக்கு எதுவும் பூசாத வெறும் கார்க்கே பிடிப்புக்கு உசத்தி என்பேன். அழுக்கேறினால் மறுபடி சோப்புதான்.

பள்ளத்தூர்:
அடி நுனிக்கு மட்டும் ரப்பர் கலந்த கார்க் வளையம் போடுங்கள். ஊருணிப் படியின் செம்புறாங்கல்லில் சாய்த்து வைத்தால் இயற்கைக் கார்க்கின் ஓரம் நாலே நாளில் சிதையும். முன் நுனியில், கார்க்கும் கம்பும் சேருமிடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் பசையால் மூடிவிடுங்கள். தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே இறங்கும்.